ஷிவா வீட்டில் துக்கம் விசாரிக்கும் முறை

யூதர் வீட்டில் இறப்பு நேர்ந்தால், அடக்கம் முடிந்ததும் குடும்பத்தார் ஏழு நாள் வீட்டிலேயே துக்கம் காப்பார்கள். இதுதான் ஷிவா. எபிரேயத்தில் ஏழு என்று பொருள். தாய், தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவியை இழந்தவருக்கே இது கடமை.

முதலில் நாள் கணக்கு. அடக்கம் நடந்த நாள்தான் முதல் நாள். ஏழாம் நாள் காலையில் சிறிது நேரம் துக்கத்தில் உட்கார்ந்தாலே அது முழு நாளாகிவிடும். செவ்வாய் மதியம் அடக்கம் என்றால் திங்கள் காலையோடு ஷிவா முடியும். திங்கள் மாலை போனால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நடுவில் வரும் சனிக்கிழமை, அதாவது ஓய்வுநாள், கணக்கில் சேரும். ஆனால் அன்று வெளிப்படையாகத் துக்கம் காப்பதில்லை என்பதால் அன்று போக வேண்டாம். பஸ்கா போன்ற பெரிய பண்டிகை வந்துவிட்டால் மிச்ச நாட்கள் ரத்து. அடக்கத்துக்கு முன்பே ஆறுதல் சொல்லக் கிளம்புவதும் தவறு. இறந்தவர் கண்முன் கிடக்கும்போது ஆறுதல் சொல்லாதே என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. அந்த நேரத்தில் அடக்க ஏற்பாட்டுக்குக் கை கொடுத்தால் போதும்.

பூ வாங்கிப் போகும் வழக்கம் இல்லை. சாப்பாடு கொண்டு போகலாம். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் வேளைக்குத் துக்கக்காரர் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் தர வேண்டும். ரொட்டியோடு வேகவைத்த முட்டையோ மைசூர்ப் பருப்போ வைப்பார்கள். மற்றப் பயறுகளுக்கு வாய் போல ஒரு பிளவு உண்டு, இந்தப் பருப்புக்கு இல்லை; துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை என்கிறது மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூட். குடும்பம் கோஷர் என்ற யூத உணவு விதியைப் பின்பற்றினால் உங்கள் அடுப்பில் சமைத்ததை அவர்களால் தொட முடியாது. கோஷர் முத்திரையோடு பிரிக்காத பொட்டலமாக வாங்குங்கள். இறைச்சியையும் பால் பண்டத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். திருப்பித் தர வேண்டாத பாத்திரமாக இருக்கட்டும்.

கதவு பெரும்பாலும் தாழிட்டிருக்காது. மணி அடிக்காமல் உள்ளே போங்கள். கண்ணாடிகள் துணியால் மூடியிருக்கும், துக்கக்காரர் தாழ்வான இருக்கையில் தோல் செருப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார், மேல்சட்டையில் ஒரு கிழிசல் தெரியும். பெற்றோரை இழந்தவருக்கு அது இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராக இருக்கும். உங்களைக் கண்டதும் அவர் எழ வேண்டியதில்லை. வணக்கம் சொல்லாதீர்கள், கை நீட்டாதீர்கள். அருகில் போய் உட்காருங்கள்.

பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் பலருக்கும் கஷ்டம். பைபிளில் பெருந்துயரில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கக்காரர் வாய் திறந்த பிறகே வந்தவர் பேசலாம் என்ற சட்டத்தைத் தல்மூட் அதிலிருந்துதான் எடுக்கிறது. அவர் பேச ஆரம்பித்தால் இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பேரையும் சேர்த்தே சொல்லுங்கள். "நல்ல சாவு", "வயசாயிடுச்சே", "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே" இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கடைசியாகச் சொன்னது ஆறாத புண்ணாக நிற்கும்.

தொழுகை நேரத்தில் போனால் காதிஷ் சொல்வதைக் கேட்பீர்கள். அரமேயத்தில் உள்ள இந்தத் துதியில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இதற்குப் பத்துப் பேர் கூட வேண்டும், அதற்கு மின்யான் என்று பெயர். நீங்கள் யூதராக இருந்து பத்தாவது ஆளாக எண்ணப்பட்டால் முடியும்வரை நகராதீர்கள்.

அரை மணி நேரம் தாராளம். துக்கக்காரர் தலையசைத்து விடை கொடுத்தால் உடனே எழுந்துவிடுங்கள். கிளம்பும்போது அஷ்கெனாசியர் (ஐரோப்பிய வழி யூதர்) சொல்வது: "சியோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படும் மற்றவர்களோடு இறைவன் உங்களையும் தேற்றுவாராக." எட்டாம் நாள் வீடு வெறிச்சோடிவிடும். போன் செய்யவோ சாப்பாடு அனுப்பவோ அந்த வாரத்தில்தான் ஆள் தேவை.

இறந்தவருக்கு நீங்கள் ஏதாவது தீங்கு செய்து, மன்னிப்புக் கேட்காமலே விட்டிருந்தால்? ஷிவா வீட்டில் அதை எடுக்காதீர்கள். அழுது கொட்டினால் உங்கள் மனம் லேசாகும். ஆனால் தேற்ற வேண்டிய வேலை துக்கக்காரர் தலையில் விழும். இதற்கென்றே தனி வழி உண்டு. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ், மிஷ்னா தோரா என்ற தன் சட்ட நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போக வேண்டும். அவர்கள் முன்னால், "இஸ்ரவேலின் கடவுளாகிய ஆண்டவருக்கும் இந்த மனிதருக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன்" என்று தொடங்கி, செய்தது இன்னதென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "தெரிந்தோ தெரியாமலோ" என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிடக்கூடாது. பணம் பாக்கி இருந்தால் வாரிசிடம் கொடுக்க வேண்டும், அதை ஷிவா முடிந்த பிறகு கொடுப்பதே நல்லது. வாரிசு யாரென்று தெரியாவிட்டால் பேத் தின் என்ற யூத நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, அங்கேயே பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.