நாய்க்குட்டி எடுக்கும் முன் போடவேண்டிய கணக்கு

அல்சேஷன் குட்டி இப்போது என்ன விலை போகிறது என்று என்னிடம் கேட்காத ஆட்கள் எங்கள் ஒழுங்கையில் குறைவு. வீட்டில் ஒரு அல்சேஷன் நிற்கிறது, பெயர் சீசர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் யாரோ விட்டுவிட்டுப் போன ஊர்ப் பெட்டை ஒன்றும் நிற்கிறது, பெயர் கறுப்பி. இரண்டுக்கும் ஆகிற செலவை ஒரே கொப்பியில் எழுதி வருகிறேன். கேட்டு வருபவர்களுக்கு அந்தக் கொப்பியைத்தான் திறந்து காட்டுவேன். குட்டியின் விலை அதில் ஒரு வரி. மிச்சப் பக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகு போன காசு.

முதலில் சாப்பாட்டுக் கணக்கைப் போடுங்கள். வளர்ந்த அல்சேஷன் 30 கிலோ வரும். எங்கள் ஊர் நாய் பெரும்பாலும் 15 கிலோ அளவில் நின்றுவிடும். 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,400 கலோரி வேண்டும், 15 கிலோ நாய்க்கு 850. எடை பாதி என்பதற்காகச் சாப்பாடு பாதியாகக் குறையாது. ஐந்தில் மூன்று பங்கு என்று பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் உலர் உணவு என்றால் பெரிய நாய்க்கு நாளுக்கு 400 கிராம், மாதம் 12 கிலோ. கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 12,000 ரூபாய். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் ஏறிய ஏற்றத்தில் பலர் வீட்டுச் சமையலுக்கு மாறினார்கள், நானும்தான். சமைப்பதென்றால் அதே நாய்க்கு அரிசி 250 கிராம், மீனோ கோழியோ 300 கிராம். அரிசி கிலோ 230, மலிவு மீன் கிலோ 500 என்று போட்டால் மாதம் 6,200 ரூபாய் வரும். ஊர் நாய்க்கு 3,700. விலை மாறியிருந்தால் உங்கள் சந்தை விலையைப் போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு மாறாது.

இனி இதைப் பத்து வருடத்தால் பெருக்குங்கள். அல்சேஷனுக்கு ஏழரை லட்சத்துக்குக் கிட்ட. சும்மா கிடைத்த ஊர் நாய்க்கு நாலரை லட்சத்துக்குக் கிட்ட. இது வெறும் சாப்பாடு. 70,000 ரூபாய் கொடுத்து வாங்கிய குட்டியின் விலை இதற்கு முன்னால் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆகவே ‘வாங்கக் காசு இருக்கிறது’ என்பதோ ‘சும்மா கிடைக்கிறது’ என்பதோ முடிவெடுக்கப் போதாது. மாதா மாதம் இந்தத் தொகையை வீட்டில் யார் தருவார் என்பதற்கு ஒரு பெயர் சொல்ல முடியவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா குட்டி வாங்க ஒருமுறை காசு அனுப்புவார். மீனுக்கு மாதம் மாதம் அனுப்புவாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

சமைத்துப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சோறும் தனி இறைச்சியும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கல்சியம் போதாது, முன்னங்கால் வளைந்துவிடும். வேகமாக வளரும் பெரிய சாதிக் குட்டிகளில் இது சீக்கிரம் தெரியும். கல்சியக் குளிசையைக் கண்டபடி கொடுப்பதும் அவற்றின் எலும்பைக் கெடுக்கும் என்பதால், பெரிய சாதிக்கு முதல் வருடம் குட்டிகளுக்கென்று செய்த உலர் உணவுதான் பத்திரம். அந்த வருடச் செலவு அதனால் கூடும். கறுப்பிக்கு நான் நெத்தலியை முள் குழையும் வரை பிரஷர் குக்கரில் அவித்து, விரலால் நசித்துப் பார்த்து, ஒரு முள்ளும் குத்தாது என்று கண்ட பிறகு சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். சமைத்த கோழி எலும்பு மட்டும் எந்த நாய்க்கும் வேண்டாம். அது கூராக உடைந்து குடலைக் குத்தும்.

மருந்தும் எடையைப் பார்த்துத்தான். பூச்சிக் குளிசை பல 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும்: கறுப்பிக்கு ஒன்றரை, சீசருக்கு மூன்று. உண்ணிக்குக் கொடுக்கும் குளிசையும் எடை கூடக் கூட விலை கூடும். யாழ்ப்பாணத்தில் உண்ணிச் செலவைத் தவிர்க்க வழியில்லை. நாயில் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் படியிடுக்கிலும் உண்ணி கூடுதலாக இருக்கும். அது கொண்டுவரும் காய்ச்சலில் நாய் சாப்பிடாது, முரசு (ஈறு) வெளிறும், சிலவேளை சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போகும். அன்றைக்கே காட்டினால் அநேகமாகப் பிழைக்கும். ஒருவகை உண்ணிக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் குளிசை 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டாம் நாளே எழுந்து வாலாட்டுகிறது என்று குளிசையை நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒரு சிறு தொகையை உண்ணிக்கென்றே ஒதுக்குங்கள். வருத்தம் வந்தபின் இரத்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் போகிற காசு அதைவிடப் பெரிது.

சாதிக் குட்டி வாங்குவதென்றால்

இந்தப் பக்கம் அல்சேஷன், லாப்ரடோர் குட்டிகளுக்கு 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை கேட்கிறார்கள். கெனல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்காவின் பதிவுப் பத்திரம் உள்ள குட்டி என்றால் விலை கூட. அந்தப் பத்திரம் குட்டியின் பரம்பரையைச் சொல்லும், சுகத்தைச் சொல்லாது. நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகவோ முறையாக இனம் பெருக்கவோ எண்ணம் இல்லாதவர் பத்திரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தக் காசைத் தாயையும் தகப்பனையும் நேரில் போய்ப் பார்ப்பதில் செலவழியுங்கள். அல்சேஷன், லாப்ரடோர், ரொட்வைலர் மூன்றிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய் நாய் படுத்திருந்து எழும்பும்போது பாருங்கள். பின்பக்கம் தடுமாறினாலோ, ஓடும்போது முயல் போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்தாலோ, அந்த வீட்டுக் குட்டி வேண்டாம்.

வயதையும் நீங்களே பாருங்கள். எட்டு வாரம் தாயோடு நிற்கவேண்டிய குட்டியை ஐந்து வாரத்திலேயே விற்றுவிடுகிறார்கள், சின்னதாக இருந்தால்தான் ஆட்கள் ஆசைப்படுவார்கள் என்பதால். குட்டியின் உதட்டை மெதுவாக உயர்த்தி, கோரைப் பல்லுக்குப் பின்னால் விரலை ஓட்டிப் பாருங்கள். எட்டு வாரத்தில் 28 பால் பல்லும் வந்திருக்கவேண்டும். பின்னால் முரசு இன்னும் வழுவழுப்பாக இருந்தால் குட்டிக்கு விற்பவர் சொல்லும் வயது ஆகவில்லை. தடுப்பூசி அட்டை கேளுங்கள். ஊசி மருந்துப் போத்தலில் இருந்து உரித்த லேபிளும் போட்ட திகதியும் வைத்தியரின் கையொப்பமும் அதில் இருக்கவேண்டும். ‘ஊசி எல்லாம் போட்டாச்சு’ என்று வாயால் சொல்வதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறோம் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 400 கிலோமீற்றர் பயணக் களைப்போடு வந்து இறங்கும் குட்டிக்கு ஏற்கெனவே பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றியிருந்தால் ஒரு வாரத்துக்குள் சத்தியும் இரத்த வயிற்றோட்டமும் தொடங்கிவிடும். பிறகு சேலைன், ஊசி, தினமும் ஓட்டோ. குட்டி தங்குமா என்பதும் நிச்சயமில்லை.

சாதியைத் தெரிவு செய்யும்போது எங்கள் வெயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹஸ்கியும் செயின்ட் பெர்னாடும் பனி விழும் நாட்டுக்கான உரோமத்தோடு பிறந்தவை. சித்திரை, வைகாசியில் அவற்றை ஏசி அறையில் வைக்கவேண்டி வரும். அந்த மின்சாரக் கட்டணமும் கணக்கில் சேரும். ஏசி போட வசதி உள்ளவரும் அந்த நாயை இங்கே கொண்டுவரக் கூடாது என்பேன். மின்சாரம் நின்றுபோகும் ஒரு மத்தியானம் போதும் அதன் உயிருக்கு. பக் மாதிரித் தட்டை மூக்கு நாய்களுக்கும் மூச்சு வாங்கி உடல் சூட்டை ஆற்றுவது கஷ்டம்.

கட்டாக்காலிக் குட்டியை எடுப்பதென்றால்

இங்கே காசு வேறுவிதமாகப் போகும். வாங்கும் விலை இல்லை, ஆனால் முதல் இரண்டு மாதம் கை இளகும். அதற்குப் பிறகு மாதச் செலவு இறங்கிவிடும். கறுப்பியின் பக்கங்களில் இது தெளிவாகத் தெரிகிறது. முதல் இரண்டு மாதத்துக்கு எழுதியதெல்லாம் வைத்தியர், பூச்சி மருந்து, சொறி மருந்து, ஊசி. பிறகு வருவது சோறும் மீனும் உண்ணிக் குளிசையும்தான்.

குட்டியைத் தூக்கும் முன் முரசைப் பெருவிரலால் அழுத்தி விடுங்கள். வெள்ளையாகும் இடம் இரண்டு செக்கனுக்குள் மறுபடி சிவக்கவேண்டும். முதலே வெளிறி இருந்தால் பூச்சியோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்திருக்கிறது. வயிறு மட்டும் உப்பி விலா எலும்பு தெரிந்தால் அதுவும் பூச்சி. உரோமம் கொட்டியிருந்தால் காதின் ஓரத்தை மடித்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் பெரும்பாலும் சொறிதான். மனிதருக்கும் சில நாள் கடிக்கும், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். இவற்றைப் பார்த்துப் பயந்து குட்டியை விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாம் மாறக்கூடிய வருத்தம், மருந்தும் பெரிய விலையில்லை. வளர்ந்த பெட்டை என்றால் பின்பக்கம் இரத்தம் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். கட்டாக்காலி நாய்களில் இணையும்போது பரவும் ஒரு கட்டி உண்டு. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் சில வாரம் போட்டால் அநேகமானவற்றில் அது கரைந்துபோகும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதுக் குட்டியை இரண்டு வாரம் புறம்பாக வையுங்கள். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை கூட்டுத் தடுப்பூசி போடவேண்டும். தனியாரிடம் ஒரு ஊசிக்கு 3,000, 4,000 ரூபாய் என்று ஒதுக்கி வையுங்கள். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டினால் செலவு குறையும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடும் நாட்களை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடாத குட்டி கீறினாலோ கடித்தாலோ, சின்னப் பல்லுத்தானே என்று இருக்காமல் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டாயம் செலவழிக்கவேண்டிய காசு இன்னொன்று உண்டு: கருத்தடை. சந்தை மதிலோரத்திலும் வைரவர் கோயில் வாசலிலும் சாக்கில் கட்டி விடப்படுபவை அநேகமாகப் பெட்டைக் குட்டிகள். நாயை வைரவரின் வாகனம் என்கிறோம், வைரவருக்கு வடை மாலை சாத்துகிறோம், அதே வாசலில் கண் திறக்காத குட்டிகளை ஐப்பசி மழையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கப் பொறுக்காது. கடுவன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் பெட்டையை எடுங்கள், காவலில் அது ஒன்றும் குறைவில்லை. முதல் தீட்டு ஆறு மாதத்துக்குப் பிறகு எப்போதும் வரலாம். அதற்கு முன் கருத்தடை செய்தால் முலைக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், பின்னாளில் கருப்பை சீழ் பிடித்து அவசரமாக வெட்டவேண்டிய செலவும் இல்லை. இலவசக் கருத்தடை முகாம் எப்போது என்று கால்நடை அலுவலகத்தில் விசாரியுங்கள். முகாம் வரும் வரை காத்திருந்து சினைப்படுத்திவிடாதீர்கள். 63 நாளில் ஆறேழு குட்டி வந்தபிறகு ஆகும் செலவோடு பார்த்தால் தனியாரிடம் கொடுக்கும் காசு சின்னது.

எடுப்பதற்குக் குட்டி எங்கே என்று கேட்பவர்கள் தங்கள் சந்தியிலேயே பார்க்கலாம். வளர்ந்த நாய் என்றால் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது; போய்ப் பாருங்கள். வளர்ந்த நாயில் ஒரு நன்மை, அதன் எடையும் குணமும் முன்னமே தெரியும், கணக்குப் போடுவது லேசு.

கடைசியாக ஒரு விஷயம். விசா வந்து குடும்பத்தோடு கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும் வீடுகளில் தளபாடத்துக்கு ஆள் இருக்கும், காணிக்குப் பார்வைக்காரர் இருப்பார், நாய் மட்டும் பூட்டிய படலைக்கு வெளியே நிற்கும். சாதி நாய் என்றாலும் அதே கதிதான். கோண்டாவிலில் எலும்பும் தோலுமாக அலைந்த லாப்ரடோருக்கு நான் சோறு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தால், குட்டி எடுக்கும் முன்னமே நாயைப் பொறுப்பேற்கப் போகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள். மாமாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். மாதம் எவ்வளவு அனுப்புவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் சொன்னால், பதில் வரும் வரை குட்டியை எடுக்காதீர்கள்.