மலைநடைக் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மலைப்பாதைகளில் கைத்துப்பாக்கியுடன் நடப்பவர்கள் தோட்டா வாங்கும்போது செய்யும் முதல் தவறு, எந்த விலங்குக்காக வாங்குகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளாததுதான். கடைக்குப் போகும் பலருடைய மனத்தில் கரடி உட்கார்ந்திருக்கும். ஆனால் அரிசோனாவிலோ பென்சில்வேனியாவிலோ ஒரு நாள் நடையில் எதிர்ப்பட்டுத் தொல்லை தரக்கூடியவை பெரும்பாலும் ஓநாயின் சிறிய உறவான கொயோட், நரி, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட ரக்கூன், துர்நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க், எப்போதாவது பாப்கேட் எனப்படும் குட்டைவால் காட்டுப்பூனை ஆகியவையே. இவற்றுள் பெரியதான கொயோட்டே 20 கிலோவைத் தாண்டுவது அரிது. அதன் நெஞ்சின் குறுக்களவு ஒரு சாண்கூட இராது. கரடியை எண்ணி வாங்கிய .44 மேக்னம் தோட்டாவின் (.44, .22 போன்ற எண்கள் குண்டின் பருமனை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை) 240 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ 15.5 கிராம் எடையுள்ள குண்டு, அந்தச் சிறிய உடலைத் துளைத்து வெளியேறிய பிறகும் வெகுதூரம் போகும் வலுவுடன் இருக்கும். அது எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சுட்டவரே பொறுப்பு.

இவ்விலங்குகளில் பெரும்பாலானவை சத்தம் போட்டாலும் கல்லெறிந்தாலும் ஓடிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து, கொயோட் தாக்கி மனிதர் இறந்ததாக உறுதியாகப் பதிவானவை இரண்டே நிகழ்வுகள்: 1981இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் ஒன்று, 2009இல் கனடாவின் கேப் பிரெட்டனில் ஒன்று. ஆகவே சுட வேண்டிய நிலை வருமானால், அது விரட்டியும் போகாத, பெரும்பாலும் நோயுற்ற விலங்கு மிக அருகில் நெருங்கும் நிலையாகவே இருக்கும். அப்போது தேவைப்படுவது நடுங்கும் கையிலும் குறி தவறாத ஒரு தோட்டா. வலிமையில் முதலிடம் பெற்ற தோட்டாவுக்கு அங்கே தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது தவறு பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தை அப்படியே நம்புவது. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் பெட்டியில் காணும் எண் பெரும்பாலும் நீண்ட குழலுள்ள ரைஃபிளில் அளந்தது. அதில் நொடிக்கு 370 மீட்டரை ஒட்டிச் செல்லும் 40 கிரெயின் குண்டு, 4 அங்குலக் குழலுள்ள கைத்துப்பாக்கியில் 300 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஹாலோ பாயிண்ட் எனப்படும் குழிமுனைக் குண்டு விரிவதற்குக் குறிப்பிட்ட வேகம் வேண்டும். அது கிடைக்காதபோது குண்டு விரியாமலே போய், சாதாரணக் குண்டு போலத்தான் வேலை செய்யும். கூடுதல் விலை கொடுத்தது மட்டுமே மிச்சம். .22 தோட்டாவுக்கு இன்னொரு குறையும் உண்டு: தீப்பற்றும் கலவை அதன் விளிம்பில் பூசப்பட்டிருப்பதால், அக்கலவை அடிப்பகுதியின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் தோட்டாக்களைவிட வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ரிவால்வர், அதாவது சுழலும் உருளையின் அறைகளில் தோட்டாக்கள் இருக்கும் கைத்துப்பாக்கி என்றால், விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும்; பிஸ்டலில் வெடிக்காததைக் கையால் இழுத்து வெளியேற்ற வேண்டும், அதற்கு இரண்டு கைகளும் சில நொடிகளும் வேண்டும்.

என்னைக் கேட்டால், .357 மேக்னம் ரிவால்வர் வைத்திருப்பவர் அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுக்கொண்டு நடப்பதே நல்லது. அதிலும் 148 கிரெயின் வாட்கட்டர், அதாவது முனை தட்டையாக உள்ள ஈயக் குண்டு. இலக்குப் போட்டிகளுக்கென்றே உருவான இந்தத் தோட்டா மெதுவாகச் செல்கிறது, கையை உதைப்பதில்லை, குறி பிசகுவதில்லை. விரிய வேண்டிய தேவையே இல்லாமல், தட்டையான முகத்தாலேயே திசுவை வட்டமாக வெட்டிச் செல்கிறது. ஒரு சிறு தொந்தரவு மட்டும் உண்டு. .38 தோட்டாவின் கூடு, அதாவது வெடிமருந்தை அடைத்த உலோக உறை, நீளத்தில் குட்டை என்பதால் உருளையின் அறைகளில் அதன் வாய்க்கு முன்னே கரி வளையமாகப் படியும். தேய்த்துத் துடைக்காவிட்டால் பிறகு.357 தோட்டா முழுதாக உள்ளே இறங்காது. .357 ரிவால்வரில் .38ஐப் போடலாம் என்பதைக் கண்டு .22 லாங் ரைஃபிளையும் .22 மேக்னத்தையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து. மேக்னத்தின் கூடு பருமனானது. அந்த அறையில் லாங் ரைஃபிள் தோட்டாவை வைத்துச் சுட்டால் கூடு பிளந்து வாயு பின்னோக்கிச் சீறக்கூடும்.

சுமை குறைய வேண்டும் என்று எடை மிகக் குறைந்த ரிவால்வரை வாங்கி, அதில் கடும் உதைப்புள்ள தோட்டாவை நிரப்புவோர் உண்டு. ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து மெல்ல முன்னே நகர்ந்து, கடைசியில் உருளையே சுழலாமல் சிக்கிக்கொள்ளக்கூடும். வாங்கிய தோட்டாவில் நான்கைந்தைச் சுட்டுவிட்டு, சுடாமல் விட்ட கடைசித் தோட்டாவின் நீளத்தைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். குறிமுள்ளைத் திருத்தி அமைக்க முடியாத ரிவால்வரில் குண்டின் எடை மாறினால் குண்டு படும் இடமும் மேலும் கீழுமாக மாறும் என்பதால், பயிற்சிக்கு ஒரு தோட்டா, நடைக்கு வேறொரு தோட்டா என்று வைத்துக்கொள்வதும் தவறே.

பாம்புக்கென்று விற்கும் சன்னத் தோட்டாவைச் சிறு விலங்குகளுக்கும் போதும் என்று எண்ணக் கூடாது. அதிலுள்ள சன்னங்கள் பெரும்பாலும் 1.3 முதல் 2 மில்லிமீட்டர் பருமனே உள்ளவை. கொயோட்டின் தோலில் அவை காயமும் வலியும் தருமே தவிர அதை நிறுத்தா. இதற்கு நேர்மாறாக, சிறிய தோட்டா என்று .22ஐ இளக்காரமாகக் கருதுவதும் பிழை. மேல்நோக்கிச் சுட்ட அக்குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் விழ முடியும். பாறையில் பட்டால் திசை மாறித் தெறிக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் அங்கே சுடுவதற்கான பொதுத் தடை அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வனவிலங்கைச் சுட ஈயமற்ற குண்டே பயன்படுத்த வேண்டும் என்பதால், நான் மேலே பரிந்துரைத்த வாட்கட்டர் அங்கே உதவாது. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் அங்கு வாழும் நம்மவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் பொருந்தாவிட்டால், துப்பாக்கி மட்டுமன்றித் தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பரின் தோட்டாப் பெட்டியைத் தம் பையில் சுமந்து உதவுவதும் இதில் அடங்கக்கூடும்.

பலரும் அறியாத தவறு ஒன்று, எங்கே சுடுகிறோம் என்பதில் இருக்கிறது. ரக்கூன், ஸ்கங்க், நரி மூன்றும் அமெரிக்காவில் ரேபிஸ் நோயைத் தாங்கித் திரியும் முக்கிய விலங்குகள். விலங்குக்கு அந்நோய் இருந்ததா என்று உறுதிசெய்ய அதன் மூளையைத்தான் ஆய்வகத்தில் சோதிப்பார்கள். தலையில் சுட்டு மூளை சிதைந்துவிட்டால் சோதனைக்கு வழியில்லாமல் போகும். எனவே கடித்த விலங்கை நெஞ்சில்தான் சுட வேண்டும், அதன் உடலை வெறும் கையால் தொடக் கூடாது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று, விலங்கு கிடக்கும் இடத்தை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.