மாட்டு ஜெலட்டின்தானே என்று வாங்கிவிடாதீர்கள்

ரமலான் நோன்பு நெருங்கினால் ரங்கூனில் நம் பிள்ளைகள் பலர் புட்டிங், ஜெல்லி, கேக் என்று வியாபாரம் தொடங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். பன்றிக் கொழுப்பு ஆகாது, மது கலந்த எசன்ஸ் ஆகாது என்பது அவர்களுக்கே தெரியும். மற்றவற்றில்தான் வருஷா வருஷம் அதே தவறுகள்.

'மாடுதானே' என்பது

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். போன நோன்புக்கு ஒரு தம்பி பெரிய டப்பா ஜெலட்டின் வாங்கி வந்தான். மேலே மாட்டுப் படம், 'பீஃப்' என்ற எழுத்து. "பன்றி இல்லையே காக்கா (அண்ணா), அப்புறம் என்ன?" என்றான். திருப்பிப் பார்த்தேன். ஹலால் முத்திரை இல்லை, மாட்டை எப்படி அறுத்தார்கள் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அதற்குள் ஆர்டர் புட்டிங் பல வீடுகளுக்குப் போயிருந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். சாப்பிட்டதைத் திருப்ப முடியுமா?

தோலையும் எலும்பையும் அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து, வெந்நீரில் காய்ச்சி எடுப்பதுதான் ஜெலட்டின். மாடு ஹலாலான பிராணி. ஆனால் ஷரீஅத் (இஸ்லாமியச் சட்டம்) முறைப்படி அறுபடாத மாடு செத்த பிராணிக்குச் சமம். பொருள் முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலாவை ஜெலட்டினுக்கும் பொருத்துகிற அறிஞர்கள் உண்டு. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமியோ பன்றி ஜெலட்டின் கூடாது, தாவரத்திலிருந்தும் முறையாக அறுத்த பிராணியிலிருந்தும் கிடைப்பதே போதும் என்றது. நம் தெருவில் ஷாஃபியும் இருக்கிறார், ஹனஃபியும் இருக்கிறார்; இரண்டும் வேறு வேறு சட்ட வழிகள். உங்களுக்குச் சௌகரியமான கருத்தை எடுத்துக்கொண்டு, கேட்காமலே அடுத்தவர் வாயில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஜெல்லிக்கு நம் வீட்டுக் கடல்பாசியே (அகர் அகர்) இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் கரையும். ஆறினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும். ஜெலட்டின் இளகி ஓடும் ரங்கூன் வெயிலில் கடல்பாசி அசையாமல் நிற்கும். மார்ஷ்மெல்லோவின் இழுவை மட்டும் இதில் வராது. அதற்கு முத்திரை உள்ள ஜெலட்டின் வாங்குங்கள், அல்லது மீன் ஜெலட்டின். மீனை அறுக்க வேண்டியதில்லை.

இ-எண்களைப் பார்த்து ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு)

பாக்கெட்டில் சேர்மானங்களை 'இ' எழுத்தும் எண்ணுமாகப் போட்டிருப்பார்கள். அதில் இ471 பாமாயிலிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். எண் அதைச் சொல்லாது. கம்பெனிதான் சொல்ல வேண்டும். போனில் சுற்றும் 'பன்றி எண்' பட்டியலை நம்பி, ஹலால் முத்திரை உள்ள தாய்லாந்து மார்ஜரினைக் குப்பையில் கொட்டியவர்களும் உண்டு. ஆதாரமில்லாமல் ஹராம் (விலக்கப்பட்டது) என்று சொல்வதும் சின்ன விஷயமில்லை. குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116-வது வசனத்தைப் பாருங்கள்.

சிவப்புச் சாயம்

இ120 என்றால் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். இந்தோனேசிய உலமா சபை 2011-ல் இதை ஹலால் என்றது. ஹனஃபி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் கூடாது என்கிறார்கள். பீட்ரூட் சாறு போதுமே.

பெயரில்லாத பொட்டலம்

வாங்காதீர்கள்.

கடைப் பலகையில் 'ஹலால்'

பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேப்ஸ்யூல் மாத்திரை

இதன் உறையும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். ஆனால் மருந்துக்குச் சட்டம் வேறு. நீங்களாக நிறுத்தாமல் டாக்டரையும் ஆலிம்சாவையும் கேளுங்கள்.