குமிழைத் திருகினால் காந்தம் கூடும், குறையும்: நாலு காந்தத்தில் ஒரு கருவி

பழைய வண்ணாரப்பேட்டையில் என் பட்டறை. ஒரு லேத், ஒரு மில்லிங் மிஷின், மழை பெய்தால் ஒழுகும் ஒரு ஷீட் கூரை. போன வருஷம் அக்கா மகள் வந்து நின்றாள். எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிறாள். "மாமா, ஹால் எஃபெக்ட் எக்ஸ்பெரிமென்டுக்குக் காந்தம் வேணும். ஆனா எவ்ளோ வேணுமோ அவ்ளோ ஏத்தி இறக்கணும். லேப்ல இருக்கிற எலக்ட்ரோமேக்னெட் பத்து நிமிஷத்துல சுட்டுடுது, ரீடிங் ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள். கரண்ட் ஓடும் பொருளைக் காந்தத்தில் வைத்தால் அதன் குறுக்கே சின்ன வோல்ட் கிளம்பும், அதுதான் ஹால் எஃபெக்ட்.

நான் அவளிடம் டயல் கேஜ் (நுண்ணிய அளவைக் காட்டும் முள் கருவி) மாட்டும் மேக்னெட் ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்திலுள்ள குமிழைத் திருப்பினால் மேஜையைக் கவ்வும், மறுபடி திருப்பினால் விடும். உள்ளே கரண்டும் இல்லை, சுருளும் இல்லை. இரண்டு இரும்புத் துண்டுகள், நடுவில் பித்தளையோ அலுமினியமோ தடுப்பு, மையத் துளையில் குறுக்காகக் காந்தமேற்றிய ஓர் உருளை. வட முனை ஒரு துண்டையும் தென் முனை மறு துண்டையும் பார்த்தால் காந்தம் மேஜை வழியாக ஓடி வரும், பிடிக்கும். உருளையைக் கால் சுற்று திருப்பினால் ஒவ்வொரு துண்டும் இரண்டு முனையையும் தொடும். காந்தம் உள்ளுக்குள்ளேயே வட்டமடித்து முடிந்துவிடும், ஸ்டாண்ட் கையோடு வந்துவிடும். "காந்தத்தோட பலம் மாறலை, அது பார்க்கிற திசைதான் மாறுது" என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள்.

ஸ்டாண்டுக்கு ஆன், ஆஃப் இரண்டு நிலைதான். நடுவில் எல்லா அளவும் வேண்டுமென்றால் என்ன செய்வது? இனி சொல்வது அதைத்தான்.

முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள், இது புரியாமல் லேத்தைத் தொட வேண்டாம். 50 மி.மீ. நீளம், 10க்கு 10 கனம் உள்ள நியோடிமியம் கட்டையை மேஜையில் செங்குத்தாக நிறுத்துங்கள். காந்தம் நீளவாக்கில் இல்லாமல் 10 மி.மீ. கனத்தின் குறுக்கே ஏறியிருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளித் திசைகாட்டி. கட்டையை நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சுழற்றினால் முள் இடப்பக்கம் சுழலும். கட்டை நீளமாக நீளமாக இது சுத்தமாக நடக்கும்: கட்டை எத்தனை டிகிரி இந்தப் பக்கமோ, காந்தப்புலம் அத்தனை டிகிரி அந்தப் பக்கம், பலம் அப்படியே இருக்கும்.

இனி இரண்டு கட்டை. நடுவில் உங்கள் சாம்பிள். இரண்டின் புலமும் ஒரே திசை பார்த்தால் கூட்டல். ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் ஒரே அளவு திருப்பினால் இரண்டு புலமும் கத்திரிக்கோல் போல விரியும். பக்கவாட்டுப் பங்கு ஒன்றையொன்று அடித்துவிடும், நேர்ப் பங்கு மட்டும் மிஞ்சும். முழுக்க விரிந்தால் சுழி, அதாவது பூஜ்யம். இரண்டுக்குப் பதில் நாலு போட்டால் பலமும் கூடும், புலமும் சீராகும்.

இதற்கு ஆங்கிலத்தில் மேங்கிள் என்று பெயராம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மைக்கேல் கோயி இதைப் பற்றி எழுதியிருப்பதாக அவள் காட்டினாள். மேங்கிள் என்றால் இரண்டு உருளைக்கு நடுவே விட்டுத் துணி பிழிகிற யந்திரம். கம்பெனி காலத்தில் துணி வெளுத்துப் பேர் வாங்கிய பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாமான். காந்தம் நாலு, 50×10×10, என்42 தரம், கனத்தின் குறுக்கே காந்தமேற்றியது. ஆர்டர் கொடுக்கும்போது இந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்லுங்கள். பழைய ஸ்பீக்கர் வளையம் உதவாது, அதில் காந்தம் மேலிருந்து கீழாக ஏறியிருக்கும். 20 மி.மீ. டெல்ரின் (கெட்டி பிளாஸ்டிக்) கம்பி. 6 மி.மீ. அலுமினியத் தகடு இரண்டு, 90க்கு 90. மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) 2, 20 பல், பிளாஸ்டிக் பல்சக்கரம் நாலு. பித்தளை போல்ட், பித்தளை கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு). செம்புதாஸ் தெருப் பக்கம் ஒரு நடை போனால் காந்தமும் சக்கரமும் தவிர மற்றது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இரும்பு ஒரு துளி கூடக் கூடாது. நான் முதல் தடவை எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டேன், 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது என்ற நம்பிக்கையில். புது 304 ஒட்டாதுதான். ஆனால் குளிரில் இழுத்து, மரை உருட்டிய போல்ட் லேசாக ஒட்டும். ஒரு மூலையில் புலம் கோணலாக வந்ததற்கு ஒரு சாயங்காலம் முழுக்கக் காரணம் தேடினேன்.

டெல்ரினைக் காந்தத்தின் நீளமும் இரண்டு முனையும் அடங்கும்படி வெட்டி, இரண்டு முனையையும் 8 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து, நடுவில் காந்தம் உட்காரும் பள்ளம் மில்லிங்கில் போடுங்கள். பள்ளம் 10.1 மி.மீ. இருக்கட்டும். சக்கரம் மாட்டும் முனையை மட்டும் 20 மி.மீ. நீளம் விடுங்கள். காந்தத்தைக் கடையவோ அராவவோ கூடவே கூடாது: நொறுங்கும், அதன் தூள் தீப்பிடிக்கும். சூடும் ஆகாது. சாதாரண என்42க்கு 80 டிகிரி தாண்டினால் பலம் போக ஆரம்பிக்கும், அதனால் அரால்டைட்டைச் சீக்கிரம் காய வைக்க ஹீட் கன் பிடிக்காதீர்கள். ராத்திரி முழுக்க விடுங்கள்.

ஒட்டும் முன்பு வட முகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. திசைகாட்டி முள்ளின் தென் முனை எந்த முகத்துக்குப் பாய்கிறதோ அது வடக்கு. காந்தங்களை ஒன்றுக்கு ஒரு முழம் தள்ளியே வையுங்கள். இரண்டு தப்பித்தவறி ஒட்டிக்கொண்டால் நேராக இழுத்துப் பிரிக்க முடியாது, மேஜை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் நழுவ விட வேண்டும். நடுவில் விரல் சிக்கினால் ரத்தம் கட்டும், எனக்குக் கட்டியது. பேஸ்மேக்கர் வைத்தவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். லேத் சீவல் கிடக்கும் மேஜையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, காந்தம் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிடும்.

தகட்டில் நாலு துளை, 40 மி.மீ. சதுரத்தின் நாலு மூலையில். 20 பல் மாட்யூல் 2 சக்கரத்தின் பிட்ச் விட்டம் (பல்லோடு பல் சேரும் வட்டத்தின் விட்டம்) 40, ஆகவே பக்கத்துச் சக்கரங்கள் தாமாகவே கவ்வும். இங்கேதான் அழகு: கவ்விய இரண்டு சக்கரம் எதிரெதிராகத்தான் சுற்றும். நமக்கு வேண்டியதும் அதுவே. ஒரு குமிழைத் திருப்பினால் மூலைவிட்டத்தில் உள்ள இரண்டும் ஒரு பக்கம், மற்ற இரண்டும் மறுபக்கம். நாலுக்குப் பதில் ஆறு போட்டாலும் சுற்றும். ஐந்து போட்டால் இறுகி நிற்கும், எண்ணிப் பாருங்கள். சக்கரம் இருக்கும் பக்கம் நடு வழி குறுகிப்போகும், அதனால் எதிர்த் தகட்டில் 30 மி.மீ. துளை போட்டு அந்த வழியாகச் சாம்பிளை நுழையுங்கள்.

உச்ச நிலைக்கு இப்படி அடுக்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் சிவப்புப் பொட்டு மேல்நோக்கி. மற்ற இரண்டும் கீழ்நோக்கி. நடுவில் புலம் இடமிருந்து வலமாக ஓடும். சக்கரத்தை உடனே இறுக்கிவிடாதீர்கள். பல் எங்கே கவ்வுகிறதோ அங்கே நிற்கும், காந்தம் அதற்குச் சொன்னபடி நிற்காது. அரைப் பல் தப்பினால் 9 டிகிரி போச்சு. சக்கரங்களைக் கவ்வவிட்டு, காந்த உருளைகளை மூலைமட்டம் வைத்து நேராக்கி, அதற்குப் பிறகு கிரப் ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

பலத்தை அளக்க ரிட்சி தெருவில் எஸ்எஸ்49ஈ ஹால் சென்சார் (காந்தப்புலத்தை வோல்ட்டாகக் காட்டும் சில்லு) கேளுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் காந்தம் இல்லாத இடத்தில் 2.5 வோல்ட் காட்டும். ஒரு மில்லிடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தின் அலகு) சுமார் 14 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும். சென்சாரின் தட்டை முகம் புலத்துக்கு எதிரே நிற்க வேண்டும், குச்சியில் ஒட்டி மெதுவாகத் திருப்பி அதிகம் காட்டும் கோணத்தில் நிறுத்துங்கள்.

முடிவில்லாத நீளக் கட்டை என்று வைத்தால் நடுவில் சுமார் 103 மில்லிடெஸ்லா வர வேண்டும் என்பது அவள் கணக்கு. எனக்கு அவ்வளவு வரவில்லை. அதைவிடக் குழப்பம், நாலு பொட்டும் ஒரே பக்கம் பார்க்கும்படி சரியாக 90 டிகிரி திருப்பியும் சுழி வரவில்லை. புலம் எதிர்ப்பக்கம் போய் நின்றது. என் துளைதான் கோணல் என்று தகட்டைத் திரும்பவும் போட்டேன். அதே கதை. அப்புறம் அவளே நோட்டை விரித்தாள். கட்டை 50 மி.மீ. தான், மையத்திலிருந்து 28 மி.மீ. தள்ளி நிற்கிறது, இதை நீளம் என்றே சொல்ல முடியாது. அந்தக் குட்டைத்தனத்தைச் சேர்த்தால் உச்சம் 89, அதுவும் அடுக்கிய நிலையிலிருந்து 12 டிகிரி தள்ளி. சுழி ஒரு பக்கம் திருப்பினால் 78 டிகிரியில், மறுபக்கம் 102 டிகிரியில். தகடு மேல் ஒரு தப்பும் இல்லை, அலுமினியம்தான் வீண். 100 மி.மீ. கட்டை போட்டால் சுழி 84 டிகிரி வரை வரும்.

ஆகவே டிகிரியை நம்பாமல் சென்சாரை நம்புங்கள். 2.5 வோல்ட் காட்டும் இடத்தில் குமிழில் 0 என்று கீறல் போடுங்கள். அங்கிருந்து எண்ணினால் கணக்கு சைன் அட்டவணைப்படி வரும்: 30 டிகிரியில் உச்சத்தில் பாதி, 90 டிகிரியில் முழு உச்சம். சுழிக்குப் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு ஒன்றரை மில்லிடெஸ்லா ஓடும், உச்சத்துக்குப் பக்கத்தில் அசையவே அசையாது. அதனால் குமிழை 100 மி.மீ. அக்ரிலிக்கில் பெரிதாக வெட்டினேன், ஒரு டிகிரி ஓரத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வரும். லேத் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்: கிராஸ் ஸ்லைடில் வெற்றுத் திருகல் (பக்கம் மாற்றித் திருப்பும்போது எதுவும் நகராமல் கொஞ்சம் சும்மா சுற்றுவது) இருக்கிற மாதிரி இதிலும் இருக்கும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எண்ணுக்கு வாருங்கள், தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி வாருங்கள்.

இன்னொன்று. கையை எடுத்தால் குமிழ் தானே சுற்றி நடுவில் எங்கோ போய் உட்காரும். மூலைவிட்டக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும் வேலை அது. குமிழுக்கு அடியில் ஒரு தோல் வாஷரும் பித்தளை இறுக்கு திருகும் வைத்தால் நிற்கும். பழைய செருப்புத் தோல் போதும்.

புலத்தைக் குறைக்கக் குறைக்கச் சீர்மையும் கொஞ்சம் கெடும். சாம்பிளை 5 மி.மீ.க்குள், நட்டநடுவில் வையுங்கள். பெரிய சாம்பிள் என்றால் ஆறு உருளை போடுவதுதான் வழி. சுழியில் வைத்தாலும் பூமியின் காந்தம் மிச்சம் இருக்கும், சென்னையில் அது சுமார் 0.04 மில்லிடெஸ்லா, இந்த வேலைக்குத் தூசு. புலத்தின் திசையை மாற்ற வேண்டுமா, சட்டகத்தையே சுழல்மேஜையில் வைத்துத் திருப்புங்கள்.

கருவி இப்போது அவள் கல்லூரியில். பத்து நிமிஷத்தில் சுடுவதில்லை, ரீடிங் ஓடுவதில்லை. வீணாய்ப்போன முதல் தகட்டை டயல் கேஜ் பெட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறேன்.