திருநாள் மாலை ஆராதனை: கொயர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலிக்கன் சபைகளில் திருநாளுக்கு மாலை ஆராதனை பாடப்போகிற கொயர்கள் (பாடகர் குழுக்கள்), பயிற்சி நேரத்தில் பெரும் பகுதியை ஆன்தத்துக்கே, அதாவது கொயர் மட்டும் பாடும் சிறப்புப் பாட்டுக்கே, கொடுத்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் முந்திய தவறு அதுதான். இந்த ஆராதனையின் உயிர் வேதாகமச் சங்கீதத்திலும், லூக்கா சுவிசேஷத்தில் வரும் மரியாளின் பாட்டிலும், சிமியோனின் பாட்டிலும் இருக்கிறது. 1549 ஜெபப் புத்தகத்தில் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் பழைய மாலை ஜெபத்தையும் படுக்கைக்கு முந்திய ஜெபத்தையும் ஒன்றாக்கினார். முன்னதிலிருந்து மரியாளின் பாட்டும் பின்னதிலிருந்து சிமியோனின் பாட்டும் வந்தன. இவை சரியாக அமைந்துவிட்டால், ஆன்தம் எளிய கீர்த்தனையாக இருந்தாலும் ஆராதனை நிறைவாக இருக்கும்.

சங்கீதத்தைச் சாண்டில், அதாவது வசனத்துக்கு வசனம் திரும்ப வரும் சிறு மெட்டில், பாடும்போது தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைச் சாண்டில் பத்துச் சுரங்கள்: முதல் பாதியில் நான்கு, இரண்டாம் பாதியில் ஆறு. ஒவ்வொரு பாதியிலும் முதல் சுரத்தில் எத்தனை சொல் வேண்டுமானாலும் ஓடலாம். பல கொயர்கள் அங்கே மூச்சுவிடாமல் ஓடிவிட்டு, முடிவுக்கு வந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் இழுக்கின்றன. இழுத்தால் குறில் நெடிலாகிவிடும். ஒரு பயிற்சியில் சிமியோனின் பாட்டைக் கேட்டேன். ‘இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்’ என்ற இடத்தில், ‘வி’ ஒரு முழு அடிக்கு நீண்டு ‘போக வீடு’ என்றே காதில் விழுந்தது. மரணத்தை அமைதியோடு ஏற்றுக்கொள்ளும் முதியவரின் ஜெபம் அது. அதில் வீடு வந்து நின்றால் மனம் கலைந்துவிடுகிறது.

திருத்துவது எளிது. ‘இப்பொழுது சமாதானத்’ வரை பேசும் வேகத்தில் பாடுங்கள். அப்புறம் ‘தோ’, ‘டே’, ‘போ’ ஆகிய நெடில்களுக்கு ஒவ்வொரு சுரம். ‘கவிடுகி’ என்ற நான்கு குறிலும் ஒரே சுரத்தில் லேசாக ஓட, ‘றீர்’ கடைசிச் சுரத்தில் வந்து இறங்கும். மாத்திரையை மதித்தால் இசையும் தானாக அமைகிறது. எந்த எழுத்தில் சுரம் மாறும் என்று காட்ட ஆங்கில வரிக்குப் போட்ட கோடுகளைத் தமிழ் வரியில் அப்படியே போடாதீர்கள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டு வாசித்துக் கோடு போடுங்கள். ஒரு சங்கீதத்துக்கு ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும்.

அடுத்தது நாள். எடுத்துக்காட்டாக, இயேசுவின் சீடர் தோமாவின் திருநாள் 1662 ஜெபப் புத்தகத்தில் டிசம்பர் 21; புதிய நாட்காட்டிகள் பலவற்றில் ஜூலை 3. உங்கள் சபை எதைப் பின்பற்றுகிறது என்று குருவானவரிடம் முதலிலேயே கேளுங்கள். டிசம்பர் 21 என்றால், அந்தத் திருநாளுக்கென்று குறித்த சிறு ஜெபம் 20ஆம் தேதி மாலையிலேயே தொடங்கிவிடும். இதை மறந்து முந்திய மாலை வழக்கமான ஜெபத்தையே சொல்லிவிடுகிறார்கள்.

கொழும்பில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்த ஆராதனைகள் நமக்குப் பழக்கம். அங்கே ஒரே பாட்டை மூன்று மொழியிலும் திரும்பப் பாடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சங்கீதம் தமிழில், மரியாளின் பாட்டு சிங்களத்தில், சிமியோனின் பாட்டு ஆங்கிலத்தில் என்று பிரித்துக்கொண்டு, மற்ற மொழிகளின் வரிகளைச் சபையார் கையில் அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

ஆன்தத்தின் இடத்தையும் மாற்றாதீர்கள். ஆராதனையில் அடுத்தடுத்து வரும் மூன்று சிறு ஜெபங்களில் மூன்றாவதற்குப் பிறகுதான் 1662 புத்தகம் அதை வைக்கிறது. ‘எங்கள் இருளை வெளிச்சமாக்கும்’ என்று அந்த ஜெபத்தில் கேட்ட உடனே வருகிற பாட்டு அது. காணிக்கை நேரத்துக்குத் தள்ளினால் சில்லறைச் சத்தத்தில் போய்விடும். பாடி முடிந்ததும் கைதட்டலும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: தலைக்கு மேல் ஃபேன் சுற்றும் கோயிலில் தனித்தனித் தாள்களோடு நிற்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.