பழைய அமெரிக்கன் காரை எழுப்பி ஒழுங்கா விக்கிறது எப்பிடி: புதுசா இறங்குறவங்களுக்கு

கொழும்புல பழைய பெரிய வீடுகள்ல இன்னும் செவர்லே, ப்ளிமத், டொஜ் எல்லாம் தார்ப்பாய்க்கு கீழ நிக்குது. ஆசையா சேர்த்து வச்ச பெரியவர் போன பிறகு பிள்ளைகள் விக்க யோசிக்கிறாங்க, உடனே டிங்கர் பாஸ்கிட்ட குடுத்து பளபளன்னு பெயின்ட் அடிக்கிறாங்க. தயவுசெய்து அதை மட்டும் முதல்ல செய்யாதீங்க. புது பெயின்ட்டுக்கு கீழ தகரம் இருக்கா புட்டி (ஓட்டை, நெளிவு அடைக்கிற பசை) இருக்கான்னு வாங்க வர்றவருக்கு தெரியாது, அந்த சந்தேகத்துக்கே விலையை குறைச்சுத்தான் கேப்பார். மங்கிப்போன பழைய பெயின்ட் இருந்தா அதுதான் அந்த காருக்கு சாட்சி.

ஆறு சிலிண்டர் 1957 செவர்லே ஒன்றை உதாரணமா வச்சு சொல்றேன், மத்த கார்களுக்கும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

1. முதல்ல பேப்பர்

ஸ்பேனர் எடுக்க முதல் சீஆர் புக்கை (வாகனப் பதிவுச் சான்றிதழ்) எடுங்க. சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் காரோட ஒத்துப் பாருங்க. இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்ல நம்பர் பிளாக்கோட வலப்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு கரண்ட் பிரிச்சு அனுப்புற சாமான்) கிட்ட அடிச்சிருக்கும், கிரீஸை துடைச்சாத்தான் தெரியும். நம்ம ஊர்ல ஒரு காலத்துல பெற்றோல் செலவுக்கு பயந்து நிறைய பேர் ஜப்பான் டீசல் எஞ்சின் மாத்தினாங்க, அது சீஆர்ல ஏறலைன்னா விக்கிற நேரம் பெரிய தலையிடி. உரிமையாளர் இறந்திருந்தா மரண சாசனம், வாரிசு விஷயம் எல்லாத்தையும் ஒரு லோயரோட கதைச்சு முடிச்சிட்டு வேலையை தொடங்குங்க.

பழைய நம்பர் பிளேட்டை கழட்டி எறியாதீங்க. ஸ்ரீ நம்பரோ (நடுவுல ஸ்ரீ எழுத்து வர்ற பழைய நம்பர்) அதுக்கும் முந்தின இங்கிலிஷ் எழுத்து நம்பரோ, ஆசைப்பட்டு வாங்குறவங்க அதையும் பாப்பாங்க.

2. எது ஒரிஜினல்னு தெரிஞ்சுக்குங்க

ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்) ஒரு சின்ன தகரப் பிளேட் இருக்கும், பொடி (body) டைப், பெயின்ட் கோட் எல்லாம் அதுலதான். பல தடவை பெயின்ட் அடிச்சு மூடியிருந்தா தின்னர் நனைச்ச துணியால மெல்ல துடைங்க, சுரண்ட வேணாம்.

ஒரு முக்கியமான விஷயம், ஃபேக்டரி ரைட் ஹேண்ட் 57 செவர்லேல டேஷ்போர்ட் 1955 மாடலை இடம் வலமா திருப்பி வச்ச மாதிரி இருக்கும். அமெரிக்கால ஓடின 57 படத்தை நெட்ல பாத்திட்டு "இது வேற டேஷ்போர்ட், யாரோ மாத்திட்டாங்க"ன்னு கழட்டிடாதீங்க!

3. எஞ்சினை எழுப்புறது

பற்றரி போட்டு சாவியை திருப்பிப் பாக்கணும்னு கை துடிக்கும், பொறுங்க. கனகாலம் நின்ன எஞ்சின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட ஒட்டியிருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் பலமா இழுத்தா ஏதாவது உடையும். ஆறு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு சில நாள் அப்பிடியே விடுங்க. பிறகு கையால சுத்தணும். மத்த எஞ்சின்ல கிராங்க் புல்லி (எஞ்சினுக்கு முன்னால பெல்ட் ஓடுற சக்கரம்) போல்ட்டுல ஸ்பேனர் போடலாம், ஆனா இந்த செவர்லே ஆறு சிலிண்டர்ல நிறையத்துக்கு அந்த போல்ட்டே கிடையாது, புல்லி அழுத்தி ஏத்தினது, அதனால கியர்பொக்ஸ் மேனுவலா இருந்தா டாப் கியர்ல போட்டு ரெண்டு பேர் காரை முன்னுக்கு தள்ளுங்க. ஃபேன் பெல்ட் அசையுதான்னு ஒருத்தர் பாக்கணும். அசைஞ்சா நிம்மதி, அசையாட்டி இன்னும் ஒயில் விட்டு காத்திருங்க, பலம் காட்ட வேணாம்.

சுத்தினா பழைய ஒயிலை வடிச்சு ஃபில்டர் மாத்துங்க. டேங்க்ல இருக்கிற பழைய பெற்றோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும், அதை காபரேட்டருக்கு அனுப்பவே கூடாது, தற்காலிகமா சின்ன கேன்ல புது பெற்றோல் வச்சு ஓட்டுங்க, பக்கத்துல தீயணைப்பான் கட்டாயம். டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட்டை சுத்தம் பண்ணி இடைவெளி (gap) சரியா வைங்க, பழைய பொயின்ட்டுக்கு 0.016 இஞ்ச், பிளக்குக்கு 0.035. ஃபயரிங் ஓர்டர் (சிலிண்டர்கள் எரியிற வரிசை) 1-5-3-6-2-4. இந்த கார்ல ஒயில் பிரெஷருக்கு மீட்டர் இல்ல, வோர்னிங் லைட் மட்டும்தான், அதனால வெளியில ஒரு மீட்டர் பொருத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

இப்ப வர்ற பெற்றோல்ல ஈயம் இல்ல, அந்தக் காலத்து வால்வ் சீட் அதனால தேயலாம். ஹெட் கழட்ட வேண்டி வந்தா லேத்ல குடுத்து கடினமான சீட் போட்டுக்குங்க. சும்மா அதுக்காக கழட்ட வேணாம்.

4. பிரேக்

மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல. 1967க்கு முந்தின அமெரிக்கன் கார்கள்ல பெரும்பாலும் ஒரே சர்க்கிட் பிரேக்தான், ஒரு பைப் வெடிச்சா நாலு வீலுக்கும் பிரேக் இல்ல. ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு. பழைய லைனிங்ல அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஏர் அடிச்சு தூசி கிளப்பாம ஈரத்துணியால துடைங்க.

5. கறள், பார்ட்ஸ்

கடல் காத்து ஊர் இது, கறள் இல்லாத கார் கிடையாது. ஹெட்லைட்டுக்கு பின்னால, கதவுக்கு கீழ, டிக்கி தரை, கார்ப்பெட்டுக்கு அடியில பாருங்க. காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி கார் பொடி மேல வச்சா ஒட்டாத இடம் புட்டி. ஓட்டை விழுந்ததை வெட்டி தகரம் வெல்ட் பண்ணுங்க, மிச்சத்தை அப்பிடியே விடுங்க.

பெல்ட், ஹோஸ், பேரிங், வயர் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல தேடலாம், பழசை கையோட கொண்டு போங்க. குரோம், கதவு ரப்பர் மாதிரி சாமானுக்கு அமெரிக்காதான், 55 முதல் 57 வரை செவர்லேக்கு புதுசா செஞ்ச பார்ட்ஸ் அங்க தாராளமா இருக்கு. ஸ்பேனர் இஞ்ச் அளவுல வாங்குங்க, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டா நட்டோட முனை மழுங்கும்.

6. விக்கிறது

எஞ்சின் குளிரா இருக்கிறப்ப ஸ்டார்ட் பண்ற வீடியோ, கீழ் பக்கம் படம், கறள் இருக்கிற இடம் படம் எல்லாம் நீங்களே போடுங்க. மாத்தின பார்ட்ஸ் பில், வேலைக்கு முந்தின படங்கள், பெரியவர் வச்சிருந்த பழைய கடதாசிகள் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு காட்டினா விலை கதைக்கிறது லேசு. சும்மா விளம்பரம் போடறதை விட கொழும்புல இருக்கிற பழைய கார் கிளப் ஆட்கள்கிட்ட சொல்லிவிட்டா உண்மையா தேடுறவர் வருவார்.

வெளிநாட்டு ஆள் கேட்டா ஒன்றை பாருங்க, 1945க்கு முதல் இலங்கையில பதிவான பயணிகள் காரை ஏத்துமதி பண்ண லைசன்ஸ் வேணும்.

ஓப்பன் பேப்பர்ல (பேர் மாத்தாம, கையெழுத்து மட்டும் போட்டுக் குடுக்கிற பேப்பர்ல) விக்கவே விக்காதீங்க. கார் உங்க பேர்லயே இருந்து யாராவது எங்கயாவது இடிச்சா பொலிஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். காசு பேங்க் மூலமா வரட்டும், வாங்குறவரோட அடையாள அட்டை கொப்பி எடுத்துக்குங்க, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ரெண்டு பேரும் போய் பேரை மாத்தின பிறகு சாவியை குடுங்க.