பின்னாலிருந்து இடித்தால் கழுத்தைக் காப்பது சீட்தான்: ஹெட்ரெஸ்ட்டைச் சரியாக வைப்பது எப்படி?

கார் வாங்கப் போனால் ஏர்பேக் எத்தனை, ஸ்டார் எத்தனை என்று கேட்காத ஆளில்லை. சீட்டைப் பற்றிய கேள்வி மட்டும் லெதரா துணியா என்பதோடு முடிந்துவிடும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருகிற வண்டி நிற்காமல் வந்து மோதினால் முன்பக்க ஏர்பேக் பெரும்பாலும் விரியாது, சீட் பெல்ட்டுக்கும் அந்த முதல் தள்ளலில் பெரிய வேலை இல்லை, நம்மைத் தாங்குவது முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டும் தலைக்குப் பின்னால் இருக்கிற ஹெட்ரெஸ்ட்டும்தான். (இதைச் சாக்காக வைத்து பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள், சீட்டில் மோதி மறுபடி முன்னால் எகிறும்போது பிடித்து நிறுத்துவது அதுதான்.) கார்களை மோதவைத்துப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் இந்தியத் திட்டமான பாரத் என்கேப், 2023இல் தொடங்கியபோது வகுத்த மோதல் தேர்வுகளும் முன்பக்கம், பக்கவாட்டு, கம்பத்தில் மோதுவது என்றுதான் இருந்தன. அதனால் ஸ்டாரைப் பார்த்து உங்கள் கழுத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எப்படி உட்காரவேண்டும் என்பது தானாகப் புரியும். நிற்கிற பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம் இல்லையா, அதேதான். மோதிய வேகத்தில் சீட் முதுகை முன்னால் தள்ளுகிறது, தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. கண் சிமிட்டும் நேரத்துக்குள் கழுத்தெலும்புகள் எஸ் எழுத்து மாதிரி வளைந்து, அப்புறம்தான் தலை பின்னால் சாய்கிறது. விப்லாஷ் என்று டாக்டர்கள் சொல்வது இதில் வருகிற காயத்தைத்தான். மெதுவான மோதலிலும் வரலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் வலிப்பதும் உண்டு.

இதற்குத் தீர்வு தேடி முதலில் சீட்டையே மாற்றிப் பார்த்தவர்களில் ஸ்வீடன்காரர்கள் முக்கியமானவர்கள். 1990களின் கடைசியில் சாப் நிறுவனம் 9-5 காரில் ஒரு ஹெட்ரெஸ்ட்டைக் கொண்டுவந்தது. முதுகு சீட்டில் அழுந்தும்போது அந்த அழுத்தமே உள்ளே இருக்கிற நெம்புகோலைத் தள்ளி ஹெட்ரெஸ்ட்டை மேலேயும் முன்னேயும் நகர்த்தும், கரண்ட்டும் வேண்டாம் சென்சாரும் வேண்டாம். 1998இல் வோல்வோ வேறு வழியில் போனது. விப்ஸ் என்கிற அதன் சீட்டில், மோதியவுடன் முதுகுப்பகுதி முழுவதும் நம்மோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்து, பிறகு சாய்ந்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அப்புறம் மெர்சிடீஸ், சென்சார் சொன்னவுடன் ஸ்பிரிங்கால் முன்னால் பாயும் ஹெட்ரெஸ்ட்டைப் போட்டது. ஐடியா மூன்றிலும் ஒன்றுதான்: தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைச் சீக்கிரம் மூடு. உங்கள் காரில் இது எதுவும் இல்லாவிட்டாலும் அந்த இடைவெளியைக் காசு செலவில்லாமல் நீங்களே மூடலாம்.

முதலில் உட்காரும் விதம். இடுப்பு சீட்டின் மூலை வரை போகவேண்டும். நுனியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் ஹெட்ரெஸ்ட் எங்கே இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 செ.மீ. இருக்கட்டும், இது ஏர்பேக்குக்காக. முதுகுப்பகுதி லேசாகச் சாய்ந்திருந்தால் போதும், ஈசிசேர் மாதிரி சாய்த்துவிட்டால் தலை ஹெட்ரெஸ்ட்டை விட்டு வெகுதூரம் வந்துவிடும், ஏனென்றால் ரோட்டைப் பார்க்க நாம் கழுத்தை முன்னால் நீட்டித்தான் ஆகவேண்டும்.

அடுத்து உயரம். ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரவேண்டும். அவ்வளவு தூரம் ஏறவில்லை என்றால் காதின் மேல்நுனிக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. பெரும்பாலான கார்களில் ஷோரூமிலிருந்து வந்தபடியே கடைசிப் படியில் இறங்கிக் கிடக்கும், அந்த உயரத்தில் அது கழுத்துக்குப் பின்னால் ஒரு மேடு, தலை அதன் மேலேயே மடங்கிப் பின்னால் போகும். மேலே இழுத்துவிட்டு, பட்டனைத் தொடாமல் கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் லாக் விழவில்லை.

இடைவெளிதான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். ஓட்டுகிற மாதிரியே நேராகப் பார்த்து உட்காருங்கள், பக்கத்தில் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னந்தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் சேர்த்து வைத்த நாலு விரல் போய் அதற்கு மேலும் இடம் இருந்தால் அதிகம். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அமெரிக்க விதிப்படி முன்சீட்டில் 55 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, அதனால்தான் இப்போது வருகிற பல கார்களில் ஹெட்ரெஸ்ட் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. "தலையைக் குத்துது" என்று சொல்லி அதைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த 55 மில்லிமீட்டரை அளப்பது முதுகு சுமார் 25 டிகிரி சாய்ந்திருக்கும்போது. நீங்கள் அதைவிட நிமிர்ந்து உட்கார்ந்தால் குத்தத்தான் செய்யும். முதுகுப்பகுதியை ஒரு படி சாய்த்துப் பாருங்கள், நிறையப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

கொண்டை போட்டிருந்தாலோ பின்னந்தலையில் பெரிய கிளிப் மாட்டியிருந்தாலோ தலை முன்னால் தள்ளப்படும், நீண்ட பயணத்தில் அதைக் கழற்றிவிட்டுத் தாழப் பின்னிக்கொள்வது நல்லது. பெண்களுக்குத்தான் இந்தக் காயம் அதிகம் வருகிறது, ஆனால் சீட்டைச் சோதிக்கும் பொம்மைகள் ரொம்பக் காலமாக ஆண் உடலை வைத்தே செய்யப்பட்டவை. ஸ்வீடனில் ஆராய்ச்சியாளர் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 162 செ.மீ. உயரம், 62 கிலோ எடை என்று சராசரிப் பெண்ணின் அளவில் ஒரு பொம்மையைச் செய்து வெளியே காட்டியது 2022இல்தான். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிற வண்டி என்றால் கண்ணாடியைத் திருப்புகிற மாதிரி ஹெட்ரெஸ்ட்டையும் ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும்.

கழுத்துத் தலையணை மாட்டுவதாக இருந்தால், அது கழுத்தை மட்டும் முன்னால் தள்ளித் தலையை அந்தரத்தில் விடுகிறதா என்று பாருங்கள், விட்டால் எடுத்துவிடுங்கள். கெட்டியான சீட் கவர் போடுவதற்கு முன் காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டுவது நல்லது, பக்கவாட்டு ஏர்பேக் சீட்டிலேயே இருந்தால் கவர் அதை மூடிவிடும். விப்ஸ் மாதிரி நகரும் சீட் இருந்தால் அதன் பின்னால் அரிசி மூட்டையோ பெட்டியோ அடைத்து வைக்காதீர்கள், சீட் பின்னால் நகர இடம் வேண்டும்.

பின்சீட்டில் கண்ணாடி வழியாகப் பின்னால் தெரியவில்லை என்று ஹெட்ரெஸ்ட்டை இறக்கி வைப்பது சரி, ஆள் உட்கார்ந்ததும் ஏற்றிவிடவேண்டும். குழந்தை சீட்டுக்காகக் கழற்றி டிக்கியில் போட்டதை மறந்துவிடுவதும் நடக்கிறது. விலை குறைந்த வேரியண்ட்களில் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு ஒட்டியே வரும், ஏற்ற இறக்க முடியாது. அதனால் டெஸ்ட் டிரைவ் போகும்போது வீட்டிலேயே உயரமான ஆளையும் கூட்டிக்கொண்டு போய் முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பாருங்கள். தனியாக வாங்கி வாரில் கட்டுகிற ஹெட்ரெஸ்ட்டை நான் நம்பமாட்டேன்.

கண்ணாடியில் ஒரு வண்டி நிற்காமல் வருவது தெரிந்து, விலக இடமும் இல்லை என்றால், திரும்பிப் பார்க்காதீர்கள். முதுகையும் தலையையும் சீட்டில் அழுத்தி, நேராகப் பார்த்து, பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள். இடித்த பிறகு பம்பரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடாமல் சீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். விப்ஸ் சீட்டில் அதிர்ச்சி வாங்கும் பாகம் ஒரு தடவை வளைந்துவிட்டால் மாற்றித்தான் ஆகவேண்டும், வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. கழுத்து வலி அன்றைக்கே வராமல் மறுநாள் காலையிலும் வரலாம். கை மரத்துப்போனாலோ தலை சுற்றினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.